புகைபிடிப்பவர் கேரட்டைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புகைபிடிக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை. விட்டுவிட இருமுறை முயன்று, இருமுறையும் மூன்று மாதத்துக்குள் பழையபடி தொடங்கிவிட்டேன். "முதலில் சிகரெட்டை விடுங்கள்" என்ற அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த அறிவுரை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்க வந்தது வேறு.

விடும்வரையிலாவது உடலுக்குச் சற்றுத் துணை செய்வோமே என்று எண்ணிச் சென்ற ஆண்டு உணவை மாற்றிக்கொண்டேன். காலையில் ஒரு பெரிய குவளை கேரட் சாறு, மதியம் கீரை, மாலையில் பழம், இரவில் தக்காளியும் குடைமிளகாயும் என்று, ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) மிகுந்தவை என நான் படித்தவற்றையெல்லாம் தேடித் தேடிச் சாப்பிடுகிறேன். இவற்றோடு, அட்டையில் அதே சொல் பெரிதாக அச்சிடப்பட்ட சத்து மாத்திரை ஒன்றையும் நான்கு மாதங்களாக விழுங்கி வருகிறேன்.

சென்ற வாரம் என் தம்பி, புகைபிடிப்பவர்கள் ஆன்டிஆக்சிடன்ட் எடுத்துக்கொண்டால் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். முதலில் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது அதற்கு ஏதோ அடிப்படை இருப்பதாகத் தெரிந்தது. எவ்வளவு அடிப்படை என்பதுதான் புரியவில்லை. மாத்திரை ஆபத்தானதா, அல்லது கேரட்டும் கீரையுமே ஆபத்தானவையா? உணவில் உள்ள பொருளும் மாத்திரையில் உள்ள பொருளும் ஒன்றுதானே; ஒன்று தீங்கு செய்து மற்றொன்று நன்மை செய்வது எப்படி?

இன்னொரு கவலையும் உண்டு. என் தந்தைக்கு 71 வயது. நெடுங்காலம் புகைபிடித்தவர், விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருவதாகச் சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரையை அவர் இன்றும் தொடர்ந்து சாப்பிடுகிறார். அவரும் கவலைப்பட வேண்டுமா?

மறுமொழி: உணவியல் துறையில் பணியாற்றுபவர்

வணக்கம் ஐயா. உங்கள் தம்பி சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அவர் படித்த செய்தியில் "மாத்திரை வடிவில், பெரிய அளவில்" என்ற முக்கியமான சொற்கள் விடுபட்டிருக்கின்றன. அவை விடுபட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

கதை 1980களின் தொடக்கத்திலிருந்து வருகிறது. காய்கறியும் பழமும் அதிகம் உண்பவர்களுக்கு, குறிப்பாக இரத்தத்தில் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தருவதும் உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவதுமான நிறமி) அளவு கூடுதலாக உள்ளவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாடுகளில் கவனிக்கப்பட்டிருந்தது. 1981இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட ஆய்வாளர்கள், உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதரிடையே புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா என்ற கேள்வியை ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். நிறமிதான் காக்கிறது என்றால் அதை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்பது அதன் இயல்பான அடுத்த படியாக இருந்தது. அன்றைய நிலையில் அது மடத்தனமான எண்ணம் அன்று.

பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் 1985இல் தொடங்கிய ஆய்வில், 50 முதல் 69 வயது வரையிலான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மி.கி. வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு மருந்தற்ற போலி மாத்திரை என்று ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 1994இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் திகைத்துப்போனது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது; மொத்த இறப்பும் 8 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ நுரையீரலைக் காக்கவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. ஆனால் மூளையில் இரத்தக் கசிவால் ஏற்படும் பக்கவாதத்தில் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் சற்று அதிகம்.

இது ஏதோ தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று கருதியவர்களும் இருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில், புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரைக் கொண்டு அதே காலத்தில் நடந்துகொண்டிருந்த 'கேரட்' என்ற ஆய்வு (அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது, இதைவிடப் பொருத்தமற்ற பெயர் கிடைத்திருக்க முடியாது) 30 மி.கி. பீட்டா கரோட்டினையும் 25,000 அலகு வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்தது. அங்கும் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் கூடியது தெரிந்ததால், 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்னதாகவே மாத்திரை வழங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பின்லாந்து ஆய்விலேயே மறைந்து கிடந்த ஒரு செய்தியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. போலி மாத்திரை மட்டும் பெற்ற ஆண்களை எடுத்துக்கொண்டு, ஆய்வின் தொடக்கத்தில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், இரத்தத்தில் எவ்வளவு கரோட்டின் இருந்தது என்று பார்த்தபோது, உணவின் வழியாக அதை அதிகம் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. அவர்களும் புகைபிடிப்பவர்கள்தாம். ஒரே ஆய்வில், ஒரே வகை மனிதரிடத்தில், உணவு ஒரு பக்கமும் மாத்திரை எதிர்ப் பக்கமும் காட்டின.

பொருள் ஒன்றுதானே என்று கேட்கிறீர்கள். பொருள் ஒன்று, அளவும் அது உடலில் சேரும் விதமும் வேறு. அந்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மூன்றாண்டுகளில் லிட்டருக்கு 0.17 மி.கி. என்ற அளவிலிருந்து 3 மி.கி. வரை, அதாவது ஏறத்தாழ பதினெட்டு மடங்கு, ஏறியது. வழக்கமான சாப்பாட்டால் அந்த உயரத்தை எட்டுவது கடினம். காயில் உள்ள கரோட்டின் செல்சுவருக்குள்ளும் நாருக்குள்ளும் அடைபட்டிருப்பதால் அதில் ஒரு பகுதியே குடலில் உறிஞ்சப்படுகிறது. எண்ணெயில் கரைத்த மாத்திரையில் அத்தகைய தடை ஏதும் இல்லை. உணவுக் கணக்கில் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினை 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமமாக வைக்கிறார்கள். எண்ணெயில் கரைத்த மாத்திரைக்கு அதே கணக்கு வெறும் 2.

அவ்வளவு ஏறினால் ஏன் தீங்கு? இதற்கு மிகத் தெளிவான விடையைத் தந்தது ஃபெரெட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கில் 1999இல் வெளிவந்த ஆய்வு. பீட்டா கரோட்டினைக் கையாளும் விதத்தில் அது மனிதனை ஒத்தது. மனித மாத்திரை அளவுக்கு இணையான பீட்டா கரோட்டினையும் சிகரெட் புகையையும் சேர்த்துக் கொடுத்தபோது, புகை நிறைந்த நுரையீரலில் கரோட்டின் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இயல்புக்கு மாறான துண்டுகளாக உடைந்தது. செல்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ரெட்டினாயிக் அமிலம் குறைந்தது. செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் கூடின. மூச்சுக்குழாய்ச் செல்கள் புற்றுக்கு முந்தைய மாற்றத்தைக் காட்டின. தன்னிடம் உள்ள எலக்ட்ரானைக் கொடுத்துப் பிறரைக் காக்கும் பொருள், கொடுத்த பிறகு தானே நிலையற்றதாகிவிடுகிறது. அதை மீட்டெடுக்க வைட்டமின் சி போன்ற துணைகள் வேண்டும். புகைபிடிப்பவரின் உடலில் அந்தத் துணைகள் ஏற்கெனவே தேய்ந்துபோயிருக்கும். சாதாரண உணவில் கிடைக்கும் அளவுக்கு இணையாகக் கொடுத்தபோது அதே வகை விலங்குகளில் இந்தத் தீங்கு தென்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வைட்டமின் சி-யைப் பற்றிச் சொன்னேன் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன்: புகைபிடிப்பவர்களுக்கு மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 35 மி.கி. கூடுதலாக அது தேவை என்று அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரையே கூறுகிறது. ஆணுக்கு 90 என்றால் புகைபிடிக்கும் ஆணுக்கு 125 மி.கி. பழமும் காயும் ஒழுங்காகச் சாப்பிட்டாலே இது கிடைத்துவிடும். ஆகவே கீரையையும் பழத்தையும் குறைக்க வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்த மாத்திரையை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியமும், அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்பவர்களிடமும் விட்டவர்களிடமும் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்பதை வலுவான சான்றுள்ள முடிவுகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

மறுமொழி: புள்ளியியல் கற்பிப்பவர்

மேலே எழுதியவருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் "உணவு காக்கிறது" என்ற முடிவுக்கு நாம் சற்று விரைவாக வந்துவிடுகிறோமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு.

மாத்திரை தீங்கு செய்கிறது என்பது, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்த ஆய்வுகளில் கண்டது. அதன் எடை வேறு. உணவு நன்மை செய்கிறது என்பது, மனிதர்கள் தாமாக என்ன சாப்பிட்டார்கள் என்று கவனித்துச் சொன்னது. காயும் பழமும் நிறையச் சாப்பிடும் புகைபிடிப்பவர், சராசரியாகப் பார்த்தால், குறைவாகப் புகைப்பவராகவோ, ஆழமாக இழுக்காதவராகவோ, குறைவாகக் குடிப்பவராகவோ இருக்க வாய்ப்புண்டு. எத்தனை சிகரெட் என்று கேட்டுக் கணக்கில் சரிசெய்தாலும் அந்த வேறுபாடு முழுவதும் நீங்கிவிடாது. 1981இல் எல்லோரையும் ஏமாற்றியதும் இதே பொறிதான்: இரத்தத்திலிருந்த பீட்டா கரோட்டின் காப்பாளராக இல்லாமல், நல்ல உணவுப் பழக்கத்தின் அடையாளமாக மட்டும் இருந்திருக்கலாம்.

இதனால் உணவில் பயனில்லை என்று சொல்லவில்லை. ஸ்வீடனில் 44,335 ஆண்களைச் சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைக் கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஒவ்வொரு கூடுதல் பங்கு காய்கறி, பழத்துக்கும் புகைபிடிப்பவர்களிடம் அந்நோய் 8 சதவீதமும், விட்டவர்களிடம் 4 சதவீதமும் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆய்வில், நிறையக் காய்கறி உண்ணும் புகைபிடிக்காதவரோடு ஒப்பிட்டால், குறைவாக உண்ணும் புகைபிடிப்பவருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு பதின்மூன்று மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியில் காய்கறி குறைக்கக்கூடியது ஒரு பகுதி மட்டுமே. மீதி முழுவதும் சிகரெட்டின் கணக்கு.

மறுபுறம், 18 சதவீதம் என்ற எண்ணைக் கண்டும் மிகையாக அஞ்ச வேண்டாம். பின்லாந்து ஆய்வில் பீட்டா கரோட்டின் பெற்ற பாதிப் பேரில் 474 பேருக்கும், பெறாத பாதியில் 402 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்தது. ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ 14,500 பேர் என்பதால், ஆறு ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு 28 என்றிருந்தது 33 ஆனது. ஆயிரத்தில் ஐந்து பேர் என்பது, நன்மைக்கென்று கொடுத்த ஒரு மாத்திரைக்கு ஏற்கவே முடியாத விலை. ஆனால் நான்கு மாதம் விழுங்கியவர் தூக்கம் இழக்கும் அளவுக்கான எண் அன்று. மாத்திரையை நிறுத்திய பிறகு அந்தக் கூடுதல் ஆபத்து நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் மங்கிவிட்டதாக, அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் எழுதினார்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். அந்த ஆய்வின் உட்பிரிவுகளைப் பார்த்தால், நாளொன்றுக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தவர்களிடமும் கூடுதலாக மது அருந்தியவர்களிடமும்தான் தீங்கு தெளிவாகத் தெரிந்தது. "நான் பதினைந்துதானே பிடிக்கிறேன்" என்று யாரும் இதில் ஆறுதல் தேட வேண்டாம். ஒவ்வோர் உட்பிரிவிலும் உள்ளவர்களின் எண்ணிக்கை சிறிது, அவற்றை வைத்து ஒரு தனி மனிதருக்கு எல்லைக்கோடு வரைய முடியாது.

மறுமொழி: மருந்தாளுநர்

ஆய்வுகளைப் பற்றி மற்றவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் அட்டையை எப்படிப் படிப்பது என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் "ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை" என்ற பெயர் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அது வைட்டமின் சி மட்டுமாகவும் இருக்கலாம். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம், கிரீன் டீ சாரம் எல்லாம் சேர்ந்த கலவையாகவும் இருக்கலாம்.

முதலில் வைட்டமின் ஏ வரியைப் பாருங்கள். பல அட்டைகளில் பீட்டா கரோட்டின் என்ற பெயர் தனி வரியாக வராது. "வைட்டமின் ஏ (பீட்டா கரோட்டினாக)" என்று அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். அளவு மில்லிகிராமில் இல்லாமல் ஐ.யு. (சர்வதேச அலகு) என்ற அலகில் இருந்தால், 25,000 ஐ.யு. பீட்டா கரோட்டின் என்பது 15 மி.கி. என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான பல்சத்து மாத்திரைகளில் இது ஒன்றிரண்டு மி.கி. அளவில்தான் இருக்கும், சிறப்புக் கலவைகளில்தான் எகிறும். எவ்வளவு வரை பாதுகாப்பு என்பதில் அமைப்புகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், நாளொன்றுக்கு 15 மி.கி.க்குக் கீழ் என்றால் அதிகம் புகைப்பவர்களுக்கும் கவலையில்லை என்றது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையோ, மாத்திரையாக 7 மி.கி.யைத் தாண்ட வேண்டாம், புகைபிடிப்பவர்கள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம் என்கிறது. என்னைக் கேட்டால், பயன் எதுவும் நிரூபிக்கப்படாத ஒன்றில் கடுமையான அறிவுரையின் பக்கம் நிற்பதே சரி. வெண்ணெய்க்கும் பானத்துக்கும் நிறம் ஏற்றச் சேர்க்கப்படும் சிறிதளவு கரோட்டினைப் பற்றி மட்டும் மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் தந்தையைப் பற்றி. உங்கள் முழுக் கேள்வியிலும் உடனே கவனிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். விழித்திரை மையத் தேய்வுக்கு எழுதப்படும் பழைய கலவையில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம் ஆகியவற்றோடு 15 மி.கி. பீட்டா கரோட்டினும் இருந்தது. அது கண்ணுக்கு உண்மையிலேயே பயன்பட்டது. ஆகவே அந்த மருத்துவர் எழுதியதில் தவறு காணத் தேவையில்லை. அந்தக் கலவையைச் சோதித்த முதல் ஆய்வுக்குப் பிறகு, 2013இல் வெளிவந்த இரண்டாம் ஆய்வில், பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக, விழித்திரையில் உள்ள நிறமிகளான லூட்டின் 10 மி.கி.யும் ஜியாசாந்தின் 2 மி.கி.யும் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போது புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுக்கப்படவே இல்லை. அப்படியிருந்தும், அதைப் பெற்ற பிரிவில் 2 சதவீதம் பேருக்கும் பெறாத பிரிவில் 0.9 சதவீதம் பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வந்தது; அவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் புகைபிடித்து விட்டவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது உங்கள் தந்தையை இந்தக் கணக்கிலிருந்து விடுவித்துவிடாது. லூட்டின் கலந்த புதிய கலவை கண்ணுக்குக் குறைந்த பயன் தரவில்லை என்பதால், இப்போது பெரும்பாலும் அதையே எழுதுகிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், பாட்டிலை எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் சென்று மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அவர் இரத்தம் உறையாமல் இருக்க ஏதேனும் மருந்து சாப்பிடுகிறாரா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஈ அதிகமானால் இரத்தக் கசிவுக்கு இடமுண்டு. கிரீன் டீ குடிப்பது வேறு, அதன் சாரத்தை மாத்திரையாக விழுங்குவது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: அதிலுள்ள கேட்டச்சின் வகைப் பொருள் நாளொன்றுக்கு 800 மி.கி.யைத் தொடும்போது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டிருக்கின்றன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன்: என் மாத்திரையில் "வைட்டமின் ஏ" என்ற வரியில், மருந்தாளுநர் சொன்னபடியே அடைப்புக்குறிக்குள், பீட்டா கரோட்டின் 10,000 ஐ.யு. என்று இருக்கிறது. கணக்குப்படி 6 மி.கி. என்று கொள்கிறேன். வைட்டமின் ஈ 400 ஐ.யு. இன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஆனால் மேலும் ஒரு கேள்வி எழுகிறது. முதலில் பதிலளித்த ஐயா, சாப்பாட்டால் அந்த அளவை எட்டுவது கடினம் என்றார். நான் தினமும் குடிக்கும் பெரிய குவளையில் சாதாரணக் குவளை இரண்டுக்குச் சற்றுக் குறைந்த கேரட் சாறு இருக்கும். அதாவது ஏறத்தாழ 400 மில்லி. சாற்றை உணவு என்று கொள்வதா, மாத்திரை என்று கொள்வதா? இதைக் கேட்பதற்குக் காரணம், கடந்த இரண்டு மாதங்களாக என் உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது. மஞ்சள் காமாலையோ என்று பயந்து இரத்தப் பரிசோதனை செய்தேன். கல்லீரல் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மறுமொழி: உணவியல் துறையில் பணியாற்றுபவர்

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். முதல் பதிலை எழுதும்போது "பெரிய குவளை" என்ற சொற்களை நான் போதிய கவனத்துடன் படிக்கவில்லை.

100 கிராம் கேரட் சாற்றில் ஏறத்தாழ 9 மி.கி. பீட்டா கரோட்டின் இருக்கும். நீங்கள் குடிக்கும் அளவில் அது 35 மி.கி.க்கு மேல் வருகிறது. எண்ணளவில் இரண்டு ஆய்வுகளிலும் கொடுத்ததைத் தாண்டிவிடுகிறது. இது மாத்திரைக்கு முழுமையாகச் சமம் என்று சொல்ல முடியாது, ஏனெனில் எண்ணெயில் கரைத்த வடிவத்தைவிட இது குறைவாகவே உறிஞ்சப்படும். ஆயினும் அரைத்துப் பிழிந்து நாரை நீக்கிவிட்டதால், காயாக மென்று தின்பதைவிட அதிகம் சேரும். உங்கள் உள்ளங்கையே அதற்குச் சாட்சி. இரத்தத்தில் கரோட்டின் மிகுந்து தோலில் படிவதால் ஏற்படும் நிறம் அது; கண்ணின் வெண்மை மஞ்சளாகாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் மஞ்சளாவது இதன் அடையாளம். புகைபிடிக்காதவராக இருந்தால், தீங்கற்றது, தானே மறையும் என்று சொல்லி விட்டுவிடுவேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. சாறு குடித்துப் புற்றுநோய் கூடியது என்று காட்டிய ஆய்வு எதையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. இரத்தத்தில் உயர்ந்த அளவுக்கும் புகைக்கும் சேர்க்கை ஆகாது என்பதே காரணம்.

ஆகவே தினசரிச் சாற்றை விட்டுவிடுங்கள். கேரட்டைப் பொரியலாகவோ பச்சையாகவோ மற்றக் காய்களில் ஒன்றாகச் சாப்பிடுங்கள். ஒரு நாள் கேரட், ஒரு நாள் முட்டைக்கோஸ் அல்லது காலிஃபிளவர், ஒரு நாள் கீரை என்று மாறி வரட்டும். உங்கள் உணவில் நான் குறை காண்பது ஒரே ஒரு நிறமியை நாள்தோறும் குவித்ததைத்தான். உள்ளங்கை பழைய நிறத்துக்குத் திரும்பச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்.

மாத்திரையில் 6 மி.கி. என்பது சிறிய அளவே. அதைவிட அந்த 400 ஐ.யு. வைட்டமின் ஈ-யை நிறுத்தியதுதான் எனக்கு நிறைவாக இருக்கிறது: 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் அதே அளவைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரியவந்தது. அது புகையோடு தொடர்புடையது அன்று. புகைபிடிக்காத ஆண்களுக்கும் பொருந்தும்.

மறுமொழி: புகைபிடித்து விட்டவர்

மருத்துவம் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகள் புகைபிடித்து, விட்டு ஆறு ஆண்டுகள் ஆனவன் என்ற தகுதியில் மட்டும் எழுதுகிறேன். "முதலில் விடுங்கள்" என்று சொல்லப்போவதில்லை, கேட்டவர் தடுத்துவிட்டார்.

நானும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டேன். காலையில் பழம் சாப்பிட்டாயிற்று, ஆகவே மாலையில் இன்னொன்று பற்றவைக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டேயிருந்தது. பின்னாளில் ஒரு தைவான் ஆய்வைப் பற்றிப் படித்தபோது வெட்கமாக இருந்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வில், புகைபிடிப்பவர்களுக்கு எந்தச் சத்துமில்லாத போலி மாத்திரையைக் கொடுத்து, சிலரிடம் மட்டும் இது வைட்டமின் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். வைட்டமின் சாப்பிட்டதாக நம்பியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைபிடித்தார்கள். உடலுக்குள் எதுவும் போகவில்லை. மனத்துக்குள் ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் போயிருந்தது. மேலே பேசிய கரோட்டினும் அலகும் எனக்கு முழுமையாகப் புரியவில்லை, இது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஆகவே கேட்டவரிடம் ஒரு கேள்வி: உணவை மாற்றிய இந்த ஓராண்டில், பதினைந்து என்பது பதினைந்தாகவே இருந்ததா, ஏறியதா?

கேள்வி கேட்டவர்

நேர்மையாகச் சொல்வதானால், எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்த பிறகு, வாரத்துக்கு எத்தனை பெட்டி வாங்கியிருக்கிறேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பதினைந்து என்று நான் எழுதியது சென்ற ஆண்டின் கணக்கு. இப்போது பதினெட்டு, சில நாட்களில் இருபது.

தந்தையின் பாட்டிலையும் பார்த்துவிட்டேன். பீட்டா கரோட்டின் 15 மி.கி. என்றே அச்சிட்டிருக்கிறது, லூட்டின் என்ற சொல் எங்கும் இல்லை. வியாழக்கிழமை கண் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், பாட்டிலையும் எடுத்துச் செல்கிறோம். அதே நாளில் எனக்கும் ஒரு நேரம் கேட்டு வாங்கினேன், கண்ணுக்கு அன்று; சிகரெட்டை விட மருந்தும் ஆலோசனையும் தருபவரிடம். சாறு பிழியும் இயந்திரத்தை மனைவி பரணில் ஏற்றிவிட்டார்.